சுரண்டும் முன்: பழைய மரச்சாமான்களின் மேற்பரப்பு பற்றி

பழைய தேக்கு அலமாரி ஒன்று வீட்டுக்கு வந்தால் நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்யச் சொல்வது, அதன் மேலிருக்கும் கறுத்த பூச்சை எடுத்துவிடுவதைத்தான். பெயின்ட் ரிமூவர் தடவி, தகட்டால் வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரத்தின் ரேகை பளிச்சென்று தெரியும்படி புதிய பாலிஷ் ஏற்றினால் அதைப் புதுப்பித்தல் என்கிறோம். அதே அலமாரிக்கு யாராவது பச்சையோ நீலமோ அடித்துவிட்டால், நல்ல தேக்கைக் கெடுத்துவிட்டார்களே என்று வருந்துகிறோம். மரத்தை நேசிப்பவர்களிடமும் பழம்பொருள் சேகரிப்பவர்களிடமும் இந்த இரண்டு எண்ணங்களும் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைகளாகவே புழங்குகின்றன. சான்றுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் நிலைமை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. பழைய மரச்சாமானுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தருவது சுரண்டல்தான்; அதன் பிறகு வருவது பாலிஷா வண்ணமா என்பது இரண்டாம் கேள்வி. இருப்பதன் மேல் ஒன்றைச் சேர்ப்பவர், சில நிபந்தனைகளை மதித்து நடந்தால், அடியில் உள்ளதைக் காப்பாற்றவும் கூடும். இருப்பதை வழித்தெடுப்பவரோ, எவ்வளவு அன்போடு செய்தாலும், அந்தப் பொருளின் ஒரு பகுதியை என்றைக்குமாக இல்லாமல் ஆக்கிவிடுகிறார்.

கறுத்த பூச்சு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது எதை? 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட தரமான சாமான்களில் அது பெரும்பாலும் அரக்கு. கெரியா லாக்கா என்ற சின்னஞ்சிறு பூச்சி புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சுரக்கும் பிசின் அது. கிளையோடு எடுத்தது கொம்பரக்கு. அதைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு. இந்தியக் காடுகளிலிருந்து உலகத்துக்குப் போன சரக்கு இது. இன்றைக்கும் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அதன் முக்கிய விளைநிலங்கள்; ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே அரக்குக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, காயவிட்டு, மறுபடியும் தேய்த்து, நாள்கணக்கில் ஏற்றும் வேலைதான் பிரெஞ்ச் பாலிஷ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவிய இந்த முறை, காலனியாட்சிக் காலத்தில் நம் தச்சுப் பட்டறைகளிலும் வேரூன்றியது. இந்தப் பூச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு: சூடான பாத்திரத்தை வைத்தால் வெள்ளை வட்டம் விழும், ஸ்பிரிட் சிந்தினால் கரையும். அதே குணம்தான் அதன் பெரும் பலமும். நூறாண்டு கழித்தும் ஸ்பிரிட் பட்டால் அரக்கு நெகிழும். புதிதாக ஏற்றும் அரக்கு பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். அழுக்கை மட்டும் துடைத்து, தேய்ந்த இடத்தில் இரண்டு கை ஏற்றினால் போதும், பூச்சு மீண்டுவிடும். சுரண்ட வேண்டிய தேவையே இல்லாத பூச்சு அது.

இந்தக் குணத்தை இன்றைய பட்டறையில் வழக்கமாக ஏற்றும் மெலமைனோடும் பி.யு. என்று சொல்லப்படும் பாலியூரித்தேனோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அவை காயும்போது வேதிப்பிணைப்பால் இறுகிவிடும் வகை. தண்ணீர்க்கறை படியாது, கீறல் எளிதில் விழாது, பளபளப்பு உடனே கிடைக்கும். ஆனால் ஒருமுறை இறுகியபின் எந்தத் தின்னரிலும் திரும்பக் கரையாது. பதினைந்து இருபது ஆண்டுகளில் அது செதில்விடத் தொடங்கும்போது ஒட்டுப்போட வழியில்லை. முழுவதையும் உப்புத்தாளால் இழைத்தெடுக்க வேண்டும். அப்படி இழைக்கும் ஒவ்வொரு முறையும் பூச்சோடு மரமும் போகிறது. செதுக்கு வேலையின் கூர்மை மழுங்குகிறது, மூலைகள் உருண்டுபோகின்றன. மெல்லிய மேல்தகடு ஒட்டிய சாமானாக இருந்தால் இரண்டாவது இழைப்பிலேயே அடிமரம் பல்லைக் காட்டிவிடும். நூறாண்டு தாங்கட்டும் என்று நினைத்து ஏற்றும் பூச்சே அடுத்த தலைமுறையின் சுரண்டலுக்கு நாள் குறித்துவிடுகிறது.

மேற்பரப்பில் அழகைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்கலாம். அருங்காட்சியகங்களின் பாதுகாப்புக் கூடங்களில் குண்டூசித் தலையளவு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்குவெட்டாக நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மண்ணடுக்குகளைப் போல வரிசையாகப் பூச்சுகள் தெரியும். எது முதலில் வந்தது, எதற்கும் எதற்கும் இடையில் அழுக்கு சேரும் அளவுக்குக் காலம் கடந்தது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். புறஊதா ஒளியில் அரக்கு ஆரஞ்சு நிறமாக ஒளிரும். மற்றப் பிசின்கள் வேறு நிறத்தில் ஒளிரும். நிறமிகளும் தேதி சொல்லும். பிரஷ்யன் நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன் கிடையாது. டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போரை ஒட்டித்தான் விற்பனைக்கு வந்தது. 1850இல் செய்தது என்று விற்கப்படும் பெட்டியின் அடியடுக்கிலேயே டைட்டானியம் இருந்தால், பெட்டி பிந்தியது, அல்லது அது ஏற்கெனவே ஒருமுறை சுரண்டப்பட்டது. பூச்சுக்குக் கீழே, மரத்தின் தோலில், இழைப்புளி விட்ட மெல்லிய அலைகளும் வாளின் தடங்களும் இருக்கும். நேர்கோடான தடம் கைவாளையும் வளைவான தடம் வட்ட ரம்பத்தையும் காட்டும். அதற்கும் மேலே புழக்கத்தின் எழுத்து: கைப்பிடியருகே விரல்பட்டுத் தேய்ந்த பள்ளம், கணக்குப்பிள்ளை மேசையின் சாய்ந்த பலகையில் மையின் கறை, நாற்காலிக் கையில் ஒரு பக்கம் மட்டும் மெருகேறிய வளைவு. யார், எப்படி, எவ்வளவு காலம் உட்கார்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று எந்த ஆவணத்திலும் கிடைக்காது. உப்புத்தாள் இவை அத்தனையையும் ஒரே நாளில் தூசியாக்கிவிடும்.

வண்ணம் பூசினால் மரத்துக்கு அவமரியாதை என்ற நம்பிக்கையை வரலாறு தாங்கிப் பிடிப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவிலும் நியூ இங்கிலாந்திலும் செய்த வின்ட்சர் நாற்காலிகளை எடுத்துக்கொள்வோம். இருக்கைக்கு எளிதில் குடையக்கூடிய பைன் அல்லது பாப்லர், கடைந்த கால்களுக்கு உறுதியான மேப்பிள், முதுகுக் குச்சிகளுக்கு வளைந்து கொடுக்கும் ஹிக்கரி என்று ஒவ்வோர் உறுப்புக்கும் அதனதன் வேலைக்கேற்ற மரத்தைத் தேர்ந்தார்கள். இந்தத் துணிச்சல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்றால், முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் காட்டும் வண்ணப் பூச்சு வரப்போகிறது என்று தெரிந்திருந்ததால்தான். பெரும்பாலும் பச்சை. வண்ணம் அந்த நாற்காலியின் வடிவமைப்புக்குள்ளேயே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சுரண்டி ‘இயற்கை மர’ நிறத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்தது, மூன்று நிறத்தில் திட்டுத் திட்டாக நிற்கும் நாற்காலி. அதைச் செய்த தச்சர் ஒருநாளும் பார்த்திராத, பார்த்திருந்தால் முடிக்காத வேலை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய தோற்றம். எளிமைக்குப் பெயர்போன ஷேக்கர் சமயக் குழுவினரின் கதையும் இதுவே. வண்ணமில்லாத வெற்று மரத்தின் தூய்மையை அவர்களிடம் கண்டதாக நவீனத்துவ ரசனை மகிழ்ந்தது. ஆனால் அவர்களுடைய 1845ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள் கட்டில்களுக்குப் பச்சை வண்ணம் பூசச் சொல்கின்றன. மஞ்சளும் சிவப்பும் நீலமும் கொண்டு வாழ்ந்தவர்களின் சாமான்களைச் சுரண்டிச் சுரண்டி, பின்னால் வந்தவர்கள் தங்களுடைய எளிமையை அவர்கள்மேல் ஏற்றினார்கள்.

பிரிட்டனில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. ஜார்ஜியக் காலத்திலும் விக்டோரியக் காலத்திலும் சமையலறைகளுக்கும் வேலைக்காரர் அறைகளுக்கும் மலிவான பைன் மரத்தில் அலமாரிகளும் பெட்டிகளும் செய்தார்கள். அந்த மரத்தை அம்மணமாகக் காட்டுவது அன்றைக்கு நினைத்தும் பார்க்காத ஒன்று. வண்ணம் பூசினார்கள், அல்லது விலையுயர்ந்த மரத்தின் ரேகையைத் தூரிகையால் எழுதினார்கள். 1960களிலும் 70களிலும் ‘ஸ்ட்ரிப்டு பைன்’ என்ற மோகம் கிளம்பியதும் இவை ஆயிரக்கணக்கில் காஸ்டிக் சோடாத் தொட்டிகளில் முக்கியெடுக்கப்பட்டன. வண்ணம் கரைந்தது. கூடவே மூட்டுகளைப் பிடித்திருந்த வச்சிரமும் கரைந்தது. கழுந்துகள் தளர்ந்தன, பலகைகள் வெடித்தன, மரத்தின் நார்கள் மயிர்போலச் சிலிர்த்து நின்றன. இன்று கைவண்ணம் கலையாத ஒரு பைன் பெட்டிக்கு அங்கே தனி மதிப்பு. அது ஏன் அரிதாயிற்று என்பதற்கு அந்தத் தொட்டிகளே விடை. நம் நாட்டிலும் வண்ணம் மரத்துக்கு அந்நியமாக இருந்ததில்லை. குஜராத்தின் சங்கேடாவில் தேக்கைக் கடைந்து, தகரத்தகட்டுப் பொடியால் கோலம் எழுதி, அரக்கு ஏற்றிச் செய்யும் ஊஞ்சல்களும் நாற்காலிகளும் இன்றும் மரபுத் தொழில். அம்பாசமுத்திரத்தின் கடைசல் சொப்புகளில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே நிறமேற்றுகிறார்கள். கோயில் வாகனங்களின் குதிரையும் யாளியும் அன்னமும் வண்ணத்தோடுதான் வீதிக்கு வருகின்றன. பழம்பொருள் கடையில் பழுப்பு மரமாக நிற்கும் குதிரையின் பிடரி மடிப்புகளைக் கூர்ந்து பார்த்தால் சில சமயம் சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருப்பது தெரியும்.

வெற்று மரத்தின் மீதான இந்த ஆசைக்கு வேர் எங்கே? பொருளின் உண்மை அதன் மூலப்பொருளில் இருக்கிறது, பூச்சு அதை மறைக்கும் பொய் என்ற எண்ணம் கடந்த இரு நூற்றாண்டுகளில் வலுப்பெற்றது. கிரேக்கச் சிலைகள் வெள்ளைப் பளிங்காகவே இருந்தன என்ற கற்பனையும் இதே வகை. பார்த்தினன் கோயில் சிற்பங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1937-38இல் செப்புக் கருவிகளாலும் சாணைக் கல்லாலும் தேய்த்து வெண்மையாக்கியது அந்தக் கற்பனையின் விளைவு. தேய்த்தெடுத்தது வெறும் அழுக்கு அல்ல, கல்லின் பழைய மேற்தோல் என்பது பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது. சுரண்டலுக்கு எதிரான தெளிவான முதற்குரலும் இங்கிலாந்திலிருந்துதான் வந்தது. தேவாலயங்களைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று சுவர்ச்சாந்தைக் கொத்தியெடுத்து வெற்றுக் கல்லைக் காட்டிய விக்டோரியப் பழக்கத்தைக் கண்டு கொதித்த வில்லியம் மோரிஸ், கட்டடக் கலைஞர் பிலிப் வெப் முதலியோரோடு சேர்ந்து 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். சுரண்டல் எதிர்ப்பாளர்கள் என்றே அச்சங்கத்தாருக்குப் பெயர் விழுந்தது. மோரிஸ் மரச்சாமான் செய்து விற்றவர், நண்பர்களைக் கொண்டு அவற்றில் ஓவியம் தீட்டவைத்தவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்ணத்தோடு அவருக்கு ஒரு சண்டையும் இல்லை. பழைய தோலை உரிப்பதோடுதான் சண்டை.

மேலே பூசியது அடியில் இருந்ததைக் காப்பாற்றும் என்பதற்கு நம்மிடமே ஒரு பெருஞ்சான்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்த ஓவியங்கள் உதிர்ந்த இடங்களில் அடியே வேறொரு ஓவியம் தெரிவதைக் கண்டார். ராஜராஜன் காலத்துச் சோழ ஓவியங்கள் அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தன. நாயக்கர் காலத்தவர்கள் பழைய சுவரைக் கொத்தி வழித்துவிட்டுப் புதிதாகத் தீட்டியிருந்தால் சோழர் ஓவியக் கலையைப் பற்றி நமக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரிந்திருக்காது. அவர்கள் மேலே ஒரு சுண்ணச் சாந்துப் படலத்தை ஏற்றி அதன்மேல் தீட்டினார்கள். அந்தப் படலம் சோழர் வண்ணங்களைப் புகையிலிருந்தும் எண்ணெய்ப் பிசுக்கிலிருந்தும் கைகளிலிருந்தும் நூற்றாண்டுகள் காத்தது. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறை மேல் ஓவியத்தைச் சாந்தோடு சேர்த்து உரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்த முடிந்ததும் இரண்டுக்கும் இடையில் அந்தப் படலம் இருந்ததால்தான். இரண்டு காலத்தின் கலையும் பிழைத்தது. இங்கிலாந்துத் தேவாலயங்களிலும் சமயச் சீர்திருத்தக் காலத்தில் மறைப்பதற்காக அடித்த சுண்ணாம்பு வெள்ளையே இடைக்கால ஓவியங்கள் பலவற்றைக் காத்துவைத்தது. அழித்தது பெரும்பாலும் பின்னால் வந்த கொத்தல். மரச்சாமானுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது. புதிய பூச்சு எதுவானாலும், அதற்கும் பழையதற்கும் நடுவே பிரித்தெடுக்க உதவும் ஒரு படலம் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வண்ணம் அடிப்பவர்கள் எல்லாரும் நாயக்கர் கால ஓவியர்களைப் போல நடந்துகொள்வதில்லையே, அவர்கள்தான் அதிகம் அழிக்கிறார்கள் என்று சொல்லலாம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 1920களில் லண்டனில் முழுவெள்ளை அறையால் புகழ்பெற்ற அலங்கார வல்லுநர் சிரி மாம், 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சாமான்களைக்கூட அமிலத்தில் வெளுத்து, சுரண்டி, வெள்ளை பூசினார் என்பது அன்றைக்கே பலரைக் கோபப்படுத்தியது. இன்று நல்ல ஈட்டிமர அலமாரிக்கு எனாமல் பெயின்ட் அடித்து, ஓரங்களை வேண்டுமென்றே தேய்த்துப் பழமை காட்டும் பழக்கமும் வருந்தத்தக்கது. போலிப் பழமைக்காக மெய்யான பழமை பலியாகிறது. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளில் தீங்கு எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமிலமும் உப்புத்தாளும்தான் திரும்ப வராததை எடுத்துக்கொண்டு போகின்றன. வண்ணமும் தேக்கு போன்ற திறந்த துளைகள் உள்ள வெற்று மரத்தில் நேரே பட்டால் துளைக்குள் இறங்கி, பிறகு ஊசியால் தோண்டினாலும் வராது. சுரண்டியபின் பூசுவது அதனால்தான் இருமடங்குக் கேடு. பழைய அரக்கு மேலே கலையாமல் இருக்கும்போது அதன்மேல் பூசிய வண்ணம் மரத்தைத் தொடுவதே இல்லை. ஆனி ஸ்லோன் 1990இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த ‘சாக் பெயின்ட்’ உலகெங்கும் வீட்டில் வேலை செய்வோரிடம் பரவியதற்கு முக்கியக் காரணம், அதற்கு உப்புத்தாளும் பிரைமரும் வேண்டியதில்லை என்பது. வசதிக்காகச் சொல்லப்பட்ட அந்தக் குணம், பாதுகாப்பின் பக்கமிருந்து பார்த்தாலும் மதிப்புள்ளது. மரத்தைக் கும்பிடுகிறவர் இழைத்தெடுத்துவிட்ட சாமானைவிட, அனுபவமில்லாத ஒருவர் பழைய பூச்சின் மேலேயே நீலம் அடித்துவைத்த சாமானில் வரலாறு அதிகம் மிஞ்சியிருக்கலாம். கேட்பதற்கு வேதனையாக இருந்தாலும் அது உண்மை. இதைச் சொல்லும்போதே, ரேகை தெரிவதற்கென்று பாலிஷ் ஏற்றிச் செய்த சாமானுக்கு வண்ணம் தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பலமுறை இழைக்கப்பட்டவை, ஒட்டுப்போட்டவை, மலிவு மரத்தில் செய்தவை, தொடக்கத்திலிருந்தே வண்ணத்தோடு வாழ்ந்தவை ஆகியவைதான் வண்ணத்துக்கு உரியவை.

வீடு அருங்காட்சியகம் அல்ல, சாமான் புழங்குவதற்கே என்பது அடுத்த மறுப்பு. அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்வார்கள்: பழையதை அப்படியே வைத்திருப்பது மேலைநாட்டு வழக்கம், நம்முடையது புதுப்பிக்கும் மரபு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்து கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் நாம். இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிரானதல்ல, அதற்கு வலுச்சேர்ப்பது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குக் காலங்காலமாக நடந்தது மேன்மேலும் பூசுவது. மரபு சேர்த்துக்கொண்டே போனது. நம் கோயில்களில் நேர்ந்த பெரிய இழப்பு, கற்சுவரில் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கிக் கல்லைக் காட்டுகிறோம் என்று மணல் வீச்சு எந்திரத்தைக் கொண்டுவந்தபோது நேர்ந்தது. கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின, சிற்பங்களின் நகையும் மடிப்பும் கரைந்தன. கண்டனம் எழுந்தபின் அந்த முறை தடைசெய்யப்பட்டது. கல்லுக்கே இந்தக் கதி என்றால் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புழக்கத்துக்காகச் செய்ய வேண்டியவையும் பெரும்பாலும் மேற்பரப்பைத் தொடாதவை: தளர்ந்த கழுந்தைப் பிரித்து வச்சிரம் வைத்து இறுக்குவது, அறுந்த பிரம்புப் பின்னலை மாற்றுவது, இழுப்பறை ஓடும் கட்டைக்கு மெழுகு தடவுவது, உளுத்த வெளிறை மட்டும் வெட்டி அதே இன மரத்தில் துண்டு பொருத்துவது. சாப்பாட்டு மேசையின் மேற்பலகை தினமும் சூட்டையும் ஈரத்தையும் தாங்க வேண்டியிருந்தால், அதன் அளவுக்குக் கண்ணாடி வெட்டிப் போட்டுவிடலாம்.

நஞ்சு பற்றிய மறுப்பைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கா 1978இல்தான் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடைசெய்தது. இந்தியாவில் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற வரம்பை விதித்த சட்ட விதிகள் 2016இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறையாயின. அப்படியென்றால் நம் வீடுகளில் இருக்கும் வண்ணம் பூசிய பழைய தொட்டில், கட்டில் எதையும் ஈயமற்றது என்று எண்ணிவிட முடியாது. குழந்தை வாய் வைக்கும் பொருளை அப்படியே விடச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் ஈயம் மிக ஆபத்தாவது பூச்சு தூசியாகும்போது. உலர்ந்த உப்புத்தாளால் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தேய்ப்பதுதான் அந்த நஞ்சை மூச்சுக்கும் தரைக்கும் கொண்டுவரும் நேர்வழி. உதிராத பழைய வண்ணத்தின் மேல் உறுதியான புதிய பூச்சு ஒன்றை ஏற்றி மூடுவது பல சமயங்களில் பாதுகாப்பானது. உதிர்ந்துகொண்டிருப்பதை முறையான பயிற்சி பெற்றவர், ஈரத்தோடு, முகமூடியோடு எடுக்க வேண்டும். குழந்தையின் பொருளானால் புழக்கத்திலிருந்தே விலக்கிவிடுவது மேல். சுரண்டலுக்குத் துணைபோகும் ரசாயனமும் கேடற்றதல்ல. பெயின்ட் ரிமூவர்களில் நெடுங்காலம் முதன்மைப் பொருளாக இருந்த மெத்திலீன் குளோரைடின் ஆவியை மூடிய அறையில் சுவாசித்துத் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள்; வண்ணம் நீக்கப் பொதுமக்களுக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019இல் தடைசெய்தது. நம் பட்டறைகளில் கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்பவர் கூலிக்கு வரும் இளைஞர். ‘மரம் தெரிய’ வேண்டும் என்ற நம் ஆசையின் விலையில் அவருடைய நுரையீரலும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த வாதம் தமிழ்நாட்டில் எங்கே மிகக் கூர்மையாகப் பொருந்துகிறது என்றால், செட்டிநாட்டில். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை நகரத்தார் கட்டிய வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. தூண்கள், நிலைகள், கதவுகள், ஊஞ்சல் பலகைகள், பெட்டகங்கள் எல்லாம் அந்த வைரம் பாய்ந்த மரத்தில் அமைந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கே நகரத்தார் நடத்திவந்த தொழில்வாழ்வு முறிந்தது. பாகம் பிரிந்த வீடுகள் இடிக்கப்படும்போது அவற்றின் மரம் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேர்கிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதும் இந்த மரத்தின் புகழும் தேவையும் கூடின. வாங்குபவர்களின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கடைகள் இல்லாவிட்டால் அந்த மரத்தில் பாதி விறகாகியிருக்கும். ஆனால் கடையிலிருந்து கூடத்துக்கு வரும் வழியில் ஏறக்குறைய எல்லாப் பொருளும் உப்புத்தாளைக் கடந்துதான் வருகிறது. நிலைவாசலின் மேல் நூறாண்டு மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் படிந்து இறுகிய கஜலட்சுமியைச் சுத்தம் செய்து, இளந்தேக்கின் நிறத்தில், வாங்குபவரின் சோபாவுக்கு இசைவாக்கித் தருகிறார்கள். அந்தப் படிவுதான் அது வாசலில் இருந்தது, வணங்கப்பட்டது என்பதற்கான சான்று. அது போனபின் மிஞ்சுவது நல்ல செதுக்கு வேலை கொண்ட ஒரு பலகை. நேற்றுச் செய்த நகலிலிருந்து அதைப் பிரித்தறிய வல்லுநருக்கே சிரமம். நகல் செய்து விற்பவருக்கு இதைவிட வசதியான நிலைமை வேறு இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களையும் கட்டடத்திலிருந்து பெயர்த்த உறுப்புகளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாமல் தடுக்கிறது. நாட்டுக்குள் ஒரு வீட்டின் பின்கட்டில் அந்தப் பொருளின் தோல் உரிக்கப்படுவதைத் தடுக்கும் வேலை வாங்குபவருடையதும் தச்சருடையதுமாகவே இருக்கிறது.

தச்சரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பிரெஞ்ச் பாலிஷ் ஏற்றக் கைப்பழக்கமும் பொறுமையும் பல நாள் கூலியும் வேண்டும். மெலமைனைத் தெளிப்பான் கொண்டு ஒரு பிற்பகலில் அடித்துவிடலாம். கேட்பவர் பளபளப்பைக் கேட்கிறார், அவர் கொடுக்கிறார். ஆகவே மாற வேண்டியது முதலில் கேட்கும் முறை. பழைய சாமானைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர் முதலில் அடிப்பக்கமோ இழுப்பறையின் உட்புறமோ மறைவான ஓரிடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொல்லலாம். பஞ்சில் பழுப்பு இறங்கிப் பூச்சு ஒட்டும் பதத்துக்கு வந்தால் அரக்கு. அதைச் சுத்தம் செய்து மேலேற்றினால் போதும். வண்ணம் இருந்தால் ஒரு மூலையில் கூரான கத்தியால் மெல்லச் சீவி எத்தனை அடுக்கு, என்னென்ன நிறம் என்று பார்த்துப் படமெடுத்துக்கொள்ளலாம். கட்டாயம் வண்ணம் வேண்டும் என்றால் முதலில் மெழுகையும் பிசுக்கையும் துடைத்துவிட்டு, அவலரக்கு ஒரு கை ஏற்றி, அதன்மேல் பூசச் சொல்லலாம். பின்னொரு நாளில் மேலே உள்ளதைப் பிரிக்க விரும்புகிறவருக்கு அந்த அரக்கு வழிவிடும். எதைச் செய்தாலும், உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தை, பின்பலகையிலோ காலின் உட்புறத்திலோ, தொடாமல் விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். என்ன பூச்சு இருந்தது, எது எடுக்கப்பட்டது, எது ஏற்றப்பட்டது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி இழுப்பறையின் அடியில் ஒட்டிவைக்கக் கால்மணி நேரம் ஆகும்.